இது எந்தக் கப்பலில் வந்தது?

(அந்தமானில் நடந்த தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத்தை மூன்று மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. இது நவம்பர் கடைசி. ஐந்து மணி அடிப்பதற்குள் இங்கே சூரியன் போய்விடும். ஆனால் சென்னையிலிருந்து வந்திருக்கும் விருந்தினர் இருவர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது: மதியம் சாப்பிட்ட கையோடு யாராவது சொற்பொழிவு வைப்பார்களா? அவர்களுக்காக அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறேன்.

உங்கள் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இடம் ஏறக்குறைய 92.7 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள். சூரியனின் கணக்கில் நாம் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முன்னால் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். அசாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 'பாகான் டைம்' என்று வைத்துக்கொண்டார்கள். நாம் கூட்டத்தை முன்னால் தள்ளிக்கொள்கிறோம்.

1906 ஜனவரி 1ஆம் தேதிதான் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பெரிய ஊர் ஒவ்வொன்றும் தன் தலைக்கு மேல் சூரியன் வந்ததைப் பார்த்தே நடுப்பகல் சொன்னது. சென்னைக்கு 1792இல் கட்டிய நுங்கம்பாக்கத்து வானாய்வகம் இருந்தது. அந்த மதராஸ் நேரத்தில்தான் இந்திய ரயில்கள் ஓடின. போர்ட் பிளேருக்கும் சொந்தமாக ஒரு நேரம் இருந்தது. (2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, என் வாய்க்கு இன்னும் பழக்கமாகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்த நேரம் மதராஸ் நேரத்தைவிடக் கிட்டத்தட்ட 50 நிமிடம் முன்னால். அந்தக் காலத்தில் சென்னையில் கப்பலேறி இங்கே வந்து இறங்கியவர், கரையில் கால் வைத்ததும் கடிகாரத்தை 50 நிமிடம் முன்னால் திருகியிருக்க வேண்டும்.

ஆக, நம் ஐந்து மணி இருட்டும் கப்பலில் வந்த சரக்குதான்.

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். துணுக்குகளைப் பற்றி. வினோதமான செய்தி ஒன்று கையில் கிடைத்தால் அதை இன்னொருவருக்குச் சொல்லாமல் நமக்குத் தூக்கம் வராது. எனக்கு அந்த வியாதி சிறுவயதிலேயே தொற்றியது. தொற்ற வைத்தவர் தமிழ்வாணன். கப்பல் வந்த மறுநாள் அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் பத்திரிகைக் கட்டு பிரிப்பார்கள். அதில் அவர் ஆசிரியராக இருந்த 'கல்கண்டு' இருக்கும். பத்து, பதினைந்து நாள் பழசு. இரண்டு மூன்று இதழ்கள் ஒன்றாக வரும். அது ஒரு லாபம்தான். மெயின்லேண்டில் இருப்பவன் வாரம் ஒன்று படிப்பான், நாம் ஒரே ராத்திரியில் மூன்று வாரத்துத் துணுக்குகளையும் தின்று தீர்ப்போம். அதிலிருந்து பொறுக்கி நான் எழுதிவைத்த நோட்டுகள் இன்னமும் வீட்டில் இருக்கின்றன. கரையான் மிச்சம் வைத்தவை பதினொன்று.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, இணையம் வந்தது. இணையம் வந்தது என்று சொன்னால் நம் தீவுக்காரர்கள் சிரிப்பார்கள். செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த இணையம் அது. ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். சென்னை போய் வருகிறவர் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் எங்களுக்கு வேகமான இணைப்பு. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் திறந்தார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேர், ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று எட்டு இடங்களில் கரையேறுகிறது. அந்தக் கேபிளைக்கூட ஒரு கப்பல்தான் சுருளாகச் சுமந்துவந்து கடலில் இறக்கியது.

அன்றிலிருந்து துணுக்குக்குப் பஞ்சமில்லை. காலையில் போனை எடுத்தால் நாற்பது. அந்தமானைப் பற்றியே நாலு. அதில் இரண்டு பொய். எது பொய் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கைகொடுக்கிறது. அது நான் யோசித்துக் கண்டுபிடித்த கேள்வி இல்லை. ஒரு நத்தை கொடுத்தது.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னால் அப்பா பப்பாளியும் கத்தரியும் வைத்திருந்தார். மே மாதம் முதல் மழை விழுந்த ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு போவோம். பப்பாளிக் கன்றின் தண்டில், ஒரு கைப்பிடி அளவுக்கு, பழுப்புக் கோடு போட்ட ஓட்டோடு நத்தைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். இலையின் அடியில் ஒன்று தின்னும் சத்தம் கேட்கும். உண்மையாகவே கேட்கும், வறுத்த அப்பளத்தை யாரோ மெதுவாக நொறுக்குவதுபோல. அப்பா பிடுங்கிப் பிடுங்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவார். போடும்போது 'ஜப்பான்காரன் சனியன்' என்பார். நத்தைக்கும் ஜப்பான்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். 'இது நம்ம நத்தை இல்லடா. சண்டைக்காலத்துல அவன் தின்கிறதுக்குக் கப்பல்ல கொண்டுவந்தது. அவன் போயிட்டான், இது போகல' என்றார்.

ஆப்பிரிக்கப் பெருநத்தை அது. 1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியப் படை இங்கே இறங்கியது. 1945 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. அந்த மூன்றரை வருஷத்தில் உணவுக்காக வந்த நத்தை, தீவு தீவாகப் பரவித் தோட்டத்தை அழித்துக்கொண்டு இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த நத்தை, ஜப்பானியர் கையால், ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வைத்த பப்பாளியைத் தின்பதற்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த வினோதத்தைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வருவது: இது எந்தக் கப்பலில் வந்தது?

தீவுக்கு இந்தக் கேள்வி கச்சிதமாகப் பொருந்தும். இங்கே நடந்து வந்தது எதுவும் கிடையாது. செல்லுலர் சிறையின் செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, திரூர், மலப்புரம் என்று ஊர்களுக்கு இருப்பவை 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பிறகு கைதிகளாக வந்தவர்களோடு வந்த பெயர்கள். மாயாபந்தர் பக்கத்துக் கரேன் மக்கள் 1925இல் பர்மாவிலிருந்து வந்தவர்கள். காட்டில் துள்ளும் புள்ளிமான்கூட ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதுதான். அதைத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாததால் பெருகி, முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்து காட்டை மொட்டையாக்குகிறது. மானைப் பார்த்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு மகிழ்ச்சி, காட்டிலாகா ஆட்களுக்கு வயிற்றெரிச்சல்.

யானையைச் சொல்லாமல் விடக்கூடாது. மரம் இழுக்கக் கப்பலில் வந்த யானைகள் தீவுக்குத் தீவு கடலில் நீந்திப் போனவை. ஹேவ்லாக்கில் இருந்த ராஜன் என்ற யானை தும்பிக்கையை மேலே தூக்கி மூச்சுவிட்டுக்கொண்டு நீந்தும் படம் உலகமெங்கும் சுற்றியது. 2016இல் செத்துப்போயிற்று. இப்போதும் மாதம் ஒரு தடவை அந்தப் படம் எனக்கு வருகிறது, 'இது ஏ.ஐ. படம், நம்பாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு! இண்டர்வியூ தீவில் கதை வேறு. அங்கே மரம் வெட்டிய கம்பெனி 1960களில் நொடித்துப்போய் யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது. நாட்டு யானைகள் காட்டு யானைகளாகிவிட்டன.

சரி, என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளி விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். பையிலிருந்து பழைய 20 ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினேன். இப்போது வருகிற எல்லோராப் படம் போட்ட நோட்டு இல்லை; அதற்கு முந்தைய செம்மஞ்சள் நோட்டு. அதன் பின்பக்கம் தென்னை மரங்கள், கடல், எதிரே ஒரு கரை, அதில் சின்னதாக ஒரு கலங்கரை விளக்கம். அது மவுண்ட் ஹேரியட் மலையிலிருந்து நார்த் பே பக்கம் பார்க்கும் காட்சி என்பார்கள். இது உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். அங்கே போய் நோட்டைக் கையில் பிடித்துக் காட்சியோடு பொருத்திப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. நான் அன்று பிள்ளைகளிடம் அதோடு நிறுத்தவில்லை. 'ஆதிகாலம் முதல் நம் தீவில் அசைந்துகொண்டிருக்கும் தென்னை' என்று ஒரு வரி சேர்த்தேன். கைதட்டல் கிடைத்தது.

இறங்கி வரும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்தார். வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 'சார், நல்லா பேசினீங்க. ஆனா தென்னை இங்க குடியேறி சார். நம்மள மாதிரி' என்றார்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. நிக்கோபாரில் தென்னை காடாக நிற்கிறது. வடக்கே கோகோ தீவுகளுக்குப் பெயரே தேங்காயால் வந்தது. நடுவில் இருக்கிற அந்தமானில் மட்டும், ஆங்கிலேயர் குடியிருப்பு அமைக்கும் வரை, தென்னந்தோப்பு கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் வந்த தாவரவியலாளர்களை இந்த விஷயம் குழப்பியிருக்கிறது. மேலேயும் கீழேயும் இருக்கும் மரம் நடுவில் ஏன் இல்லை? கடலில் தேங்காய் மிதந்து வந்து கரை ஒதுங்காமலா இருந்திருக்கும்? ஒதுங்கியிருக்கும். ஆனால் முளைவிடுவதற்குள் அங்கிருந்த மக்கள் எடுத்துத் தின்றிருப்பார்கள் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது பிடித்த விளக்கம். ரூபாய் நோட்டில் ஏறிய தென்னை தண்டனைக் குடியேற்றத்தோடு வந்த தென்னை.

அந்த மலைக்குப் பெயர் வைத்த கதையும் அப்படித்தான். 1862 முதல் இரண்டு வருஷம் இங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹேரியட். 1857இல் டில்லி முற்றுகையின்போது ஆங்கிலேயர் முகாமில் பிள்ளை பெற்றவர் அவர். அவர் பெயர் மலைக்கு ஒட்டியது. 2021இல் அது மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று; 1891 போருக்குப் பிறகு மணிப்பூர் அரசர் குலச்சந்திரரும் அவரோடு சேர்ந்தவர்களும் இங்கே நாடுகடத்தப்பட்டவர்கள். ஒரு மலை, இரண்டு கப்பல்.

மூன்றாவது கப்பலும் உண்டு. 1872 பிப்ரவரி 8ஆம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு இங்கே வந்தார். அன்றைய வேலைகள் முடிந்த பிறகு, மாலையில் இந்த மலை மேல் ஏறிச் சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஏறினார், பார்த்தார், ரசித்தார். சுமார் 1,200 அடி உயரத்திலிருந்து இறங்கிவருவதற்குள் இருட்டிவிட்டது. கீழே ஹோப் டவுன் ஜெட்டியில் படகில் ஏறப் போகும் நேரத்தில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி இருட்டிலிருந்து பாய்ந்து கத்தியால் குத்தினார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர்தான். ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தென்னைகளுக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வருவதுபோலத் தோன்றும்.

தேங்காய் என்றதும் இன்னொரு நூல் நீள்கிறது. ஏழாம் நூற்றாண்டில் யி ஜிங் என்ற சீனத் துறவி கடல்வழியாக இந்தியாவுக்கு வந்தார். வழியில் 'நிர்வாண மக்கள் நாடு' என்று ஓர் இடத்தை எழுதுகிறார். நிக்கோபாராக இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். கப்பலைக் கண்டதும் மக்கள் சின்னச் சின்னப் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு மொய்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, இரும்பு. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்திலிருந்து பத்துத் தேங்காய். விலைப்பட்டியலே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் துறவி.

இப்போது 1,300 வருஷம் தாண்டுங்கள். 1981 ஆகஸ்டில் ப்ரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் வடக்கு சென்டினல் தீவின் பவளப்பாறையில் தட்டி நின்றுவிட்டது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். கப்பல் அங்கேயே கிடந்தது. அதிலிருந்து எடுத்த இரும்பைச் சென்டினல் மக்கள் அம்புமுனை ஆக்கிக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1991 தொடக்கத்தில், மானுடவியலாளர்கள் மதுமாலா சட்டோபாத்யாயாவும் பின்னர் டி.என். பண்டிட்டும் இருந்த குழுக்கள் அந்தத் தீவுக்குச் சென்றபோது மக்கள் அம்பு தொடுக்காமல் தண்ணீரில் இறங்கி வந்து பரிசை வாங்கிக்கொண்டார்கள். என்ன பரிசு? தேங்காய். நிக்கோபார்க்காரர் தேங்காய் கொடுத்து இரும்பு வாங்கினார். சென்டினல்காரர் இரும்பைத் தானே எடுத்துக்கொண்டார், தேங்காயை நம்மிடம் வாங்கினார். யி ஜிங் பார்த்தால் தன் விலைப்பட்டியலைத் திருத்தியிருப்பார். இப்போது அந்தத் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. அது சரியான சட்டம் என்பது என் கட்சி. நமக்கு அவர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்பதற்காக அவர்களுக்கு நம் சளி காய்ச்சல் வர வேண்டியதில்லை.

இந்த மக்களைப் பற்றித்தான் உலகத்திலேயே அதிகமான பொய்த் துணுக்குகள் சுற்றியிருக்கின்றன. ஃபார்வர்டு என்பது வாட்ஸ்அப் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். மார்க்கோ போலோ அந்தமான்காரர்களுக்கு நாயின் தலை என்று எழுதினார். அவர் இங்கே இறங்கிப் பார்த்தவர் இல்லை; மாலுமிகள் சொன்னதைச் சொன்னார். அதற்கும் முன்பே அரபு வணிகர்கள் நரமாமிசக் கதையைக் கட்டிவிட்டார்கள். 1890இல் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸின் இரண்டாவது நாவலை எழுதியபோது டோங்கா என்று ஓர் அந்தமான் ஆளைக் கொண்டுவந்தார். அவன் ஊதுகுழலில் விஷ முள்ளை வைத்து ஊதிக் கொல்கிறான். அந்தமான் மக்களிடம் ஊதுகுழலே கிடையாது. அவர்கள் ஆயுதம் வில். ஆனால் ஹோம்ஸ் எவ்வளவு மொழியில் போனாரோ அவ்வளவு மொழியிலும் அந்த ஊதுகுழலும் போயிற்று. கப்பல் லண்டனிலிருந்து கிளம்பியது, அந்தமானைத் தொடவே இல்லை.

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து படை நடத்தினான். அவன் வென்ற இடங்களின் பட்டியலில் மாநக்கவாரம் என்ற பெயர் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. அது நிக்கோபார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் எனக்கு வந்த ஃபார்வர்டில் சோழனுக்கு இங்கே எத்தனை போர்க்கப்பல், எத்தனை யானை, எந்த விரிகுடாவில் நங்கூரம் என்று எல்லாம் இருந்தது. அனுப்பிய தம்பியிடம் கேட்டேன், இதெல்லாம் எந்தக் கப்பலில் வந்தது என்று. 'ஐயா, எங்க சித்தப்பா குரூப்ல வந்துச்சு' என்றான். கல்வெட்டில் இருப்பது பெயர். மிச்சமெல்லாம் சித்தப்பா கப்பல்.

எண்ணிக்கையிலும் இதே சங்கடம். செல்லுலர் சிறையில் எத்தனை அறை? 693 என்று ஒரு புத்தகம், 696 என்று இன்னொன்று, 698 என்று மூன்றாவது. நீங்களே போய் எண்ணிவிடலாம் என்றால் முடியாது. ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. 1941 நிலநடுக்கத்திலும் பிறகு வந்த இடிப்புகளிலும் மற்றவை போய்விட்டன. என் நோட்டில் மூன்று எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். எது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இனி எனக்கு மிகப் பிடித்த கப்பல். அதன் பெயர் கலாத்தியா.

தரங்கம்பாடிக்குப் போனவர்கள் கை தூக்குங்கள்... பாதிப் பேர். அந்த டேனியக் கோட்டையின் சுவரில் நின்று கடலைப் பார்த்தால், நேர் கிழக்கே, சற்று வடக்கே தள்ளி, ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தாண்டி நாம் இருக்கிறோம். 1620 முதல் டேனியர்கள் அங்கே இருந்தார்கள். 1755-56இல் அங்கிருந்துதான் நிக்கோபாரைப் பிடிக்கக் கிளம்பினார்கள். தங்கள் அரசர் பெயரைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடி செத்தார்கள். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவியப் பாதிரிகள் 1768இல் நான்கௌரியில் வந்து உட்கார்ந்து 1787இல் கைவிட்டுப் போனார்கள். நடுவில் டேனியர் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து ஆஸ்திரியாக்காரர்கள் 1778இல் வந்து கொடி நட்டார்கள். தெரேசா தீவின் பெயர் மகாராணி மரியா தெரேசாவுடையது என்பார்கள்.

கடைசியில் டேனிய அரசுக்கு அலுத்துவிட்டது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. அந்த ஆண்டு உலகம் சுற்றக் கிளம்பிய டேனியக் கப்பல் கலாத்தியா, ஸ்டீன் பில்லே என்பவரின் தலைமையில் தரங்கம்பாடிக்கு வந்தது. ஒரு குடித்தனம் காலி செய்யும் நேரத்தில் வந்த விருந்தாளி போல. பிறகு அதில் இருந்த அறிவியலாளர்கள் 1846 தொடக்கத்தில் நிக்கோபாருக்கு வந்து செடி, பறவை, கல் என்று சேகரித்தார்கள். கிரேட் நிக்கோபாரின் தெற்கே ஓர் ஆறு கடலில் விழுகிறது. அந்த ஆற்றுக்கும் விரிகுடாவுக்கும் கப்பலின் பெயர் ஒட்டிக்கொண்டது. கலாத்தியா கிரேக்கக் கதையில் வரும் கடல்தேவதை. 1868இல் நிக்கோபாரும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. டேனியர் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கிரேக்க தேவதையின் பெயர் கொண்ட டேனியக் கப்பலின் பெயர் கொண்ட மணலில், பேராமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடுகின்றன. இப்போது பெரிய சரக்குத் துறைமுகம் கட்டத் திட்டமிட்டிருப்பதும் அதே விரிகுடாவில்தான். கப்பலின் பெயரைத் தாங்கிய கரைக்குக் கப்பல்கள் வரப்போகின்றன. ஆமைகள் எங்கே போகும் என்பதற்கு இதுவரை எனக்கு யாரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

என் கேள்வி எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். கிரேட் நிக்கோபார்ப் பக்கம் மெகாபோட் என்று ஒரு பறவை. கோழி அளவு இருக்கும், காலை வைத்து மணலையும் மண்ணையும் இலைச்சருகையும் வாரி வாரிப் பெரிய மேடு கட்டும். அதற்குள் முட்டையைப் புதைக்கும். அடைகாக்காது. இலை மக்கும் சூட்டில், எருக்குழி சூடாவது போல, முட்டை பொரிகிறது. குஞ்சு தானே மண்ணைத் தோண்டி மேலே வந்து, தாய் முகம் பார்க்காமலே காட்டுக்குள் ஓடிவிடும். இதன் உறவுப் பறவைகள் எல்லாம் போர்னியோ, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா பக்கம் இருக்கின்றன. நடுவில் சுமத்ரா, மலேயாவில் இல்லை. இவ்வளவு தூரம் தாண்டி இது மட்டும் இங்கே எப்படி? பறந்து வந்ததா, பழங்காலப் படகு ஒன்றில் வந்ததா? நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நேர்ந்ததும் எந்தக் கப்பலிலும் வரவில்லை. சுனாமி அலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரை நகர்ந்ததை வெளியே அதிகம் பேர் அறிய மாட்டார்கள். இந்தியாவின் தென்கோடி இந்திரா பாயிண்டில் நிலம் 4 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. 1972இல் கரையில் கட்டிய கலங்கரை விளக்கம் இன்று கடலுக்குள் நிற்கிறது. அதே நிமிடங்களில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலே எழும்பிற்று. கடலடியில் இருந்த பவளப்பாறை வெயிலில் காய்ந்து வெளுத்தது. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயலில் இன்று அலையேற்றத் தண்ணீர் நிற்பதை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஓங்கி என்ற பழங்குடி மக்கள் அன்று கடல் பின்வாங்கியதைக் கண்டதுமே மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். அந்தத் துணுக்கு அவர்களிடம் எத்தனை தலைமுறையாகக் கைமாறி வந்ததோ.

போவா சீனியர் என்ற மூதாட்டியும் அன்று தப்பியவர்தான். அகா-போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி. மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடம் உட்கார்ந்து பல வருஷம் பதிவு செய்தார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அந்தம்மா பறவைகளிடம் பேசிக்கொண்டிருந்தாராம். 2010 ஜனவரி 26ஆம் தேதி இறந்தார். நாம் கொடியேற்றி மிட்டாய் தின்ற நாள். அந்தமானிய மொழிகளில் உடம்பின் உறுப்புகளை வைத்தே இலக்கணம் நடக்கிறது என்று அப்பி விளக்குகிறார். உடம்பை ஏழு பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியைச் சேர்ந்த விஷயம் என்பதைக் காட்டும் முன்னொட்டைச் சொல்லோடு சேர்க்கிறார்கள். எந்தக் கப்பலும் இங்கே வருவதற்கு முன்பே இருந்த சரக்கு அது.

மணி ஆகிறது. கடைசியாகக் கச்சாலைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். சூரியனில் தொடங்கியதால் சூரியனில் நிறுத்துகிறேன்.

2000 ஜனவரி 1. புதிய ஆயிரமாண்டின் முதல் சூரிய உதயம் எங்கே என்று உலகமே அடித்துக்கொண்டது. பசிபிக் தீவுகள் எல்லாம் உரிமை கொண்டாடின. கிரீன்விச் கணக்கு ஒன்று கச்சால் தீவைக் காட்டியது. கிரீன்விச்சில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது, அதாவது நமக்குக் காலை ஐந்தரை மணிக்கு, சூரியன் சரியாக உதித்துக்கொண்டிருக்கும் நிலம் கச்சால். நம் சுற்றுலாத் துறை விழாவே எடுத்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். எனக்கும் ஆசைதான், இடம் கிடைக்கவில்லை.

அங்கே அன்று விடியலைப் பார்த்தவர்களில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் இருந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை 1970களில் கச்சாலில் குடியேற்றினார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி இலங்கை போனவர்கள். இவர்கள் இலங்கையிலிருந்து ஒரு கப்பல், பிறகு கச்சாலுக்கு ஒரு கப்பல். அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பின்னாளில் ஜெட்டியில் சந்தித்தேன். அந்த விடியலைப் பற்றி விசாரித்தேன். 'எங்களுக்கென்னங்க, நாங்க எப்பவும்போல பால் எடுக்கப் போயிட்டோம். ரப்பர் மரத்துக்கு விடியுறதுக்கு முந்திதானே வெட்டணும். வந்தவங்கதான் கடற்கரையில நின்னு கத்துனாங்க' என்றார்.

அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அதே கடற்கரையில் அலை ஏறியது. நிக்கோபாரில் மிக அதிகமான உயிர்களை இழந்த தீவுகளில் ஒன்று கச்சால். அவர் குடும்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. அவர் கையில் ஒரு துணிப்பை, அதில் மட்டை உரித்த நிக்கோபார் தேங்காய் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நாலே முக்கால் ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் பாருங்கள், மலை கறுத்துவிட்டது. பாம்பூ ஃப்ளாட் போகிறவர்கள் கேள்வி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஃபெர்ரியைப் பிடியுங்கள். மற்றவர்கள் உங்கள் நோட்டில் இருப்பதைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.